லாகின் வெச்ச வைஃபை, தனித்தனி நெட்வொர்க்: எந்த ஏபி எடுக்கலாம்?

வண்ணாரப்பேட்டை: மூணு மாடி கிளினிக். பில்லிங், ஸ்டாஃப், கேமரா, நோயாளிகளோட வர்றவங்க, எல்லாரும் ஒரே வைஃபைல இருக்காங்க. பிரிக்கணும், லாகினும் வேணும். எந்த ஆக்சஸ் பாயிண்ட் (ஏபி, வைஃபை சிக்னல் தர்ற பெட்டி) நல்லது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

தண்டையார்பேட்டை: தம்பி, ஏபிக்கு முன்னாடி சுவிட்சைப் பாருங்க. நம்ம பக்கம் பாதி இடத்துல நடுவுல ஒரு எட்டு போர்ட் சாதா சுவிட்ச் இருக்கும். ஏபில விலேன் (ஒரே கேபிள்ல நெட்வொர்க்கைத் தனித்தனியா பிரிக்கறது) எண் போட்டாலும் அந்த சுவிட்ச் டேக்கைப் (பாக்கெட்ல ஒட்டியிருக்கிற விலேன் எண்) பார்க்காம எந்த போர்ட்டுக்கு வேணாலும் அனுப்பிடும். சிலது பாக்கெட்டையே தூக்கிப் போட்டுடும். மேனேஜ்டு பிஓஇ சுவிட்ச் (விலேன் அமைக்கலாம், நெட்வொர்க் கேபிள்லயே ஏபிக்குக் கரண்ட் கொடுக்கும்) கட்டாயம். பணம் பத்தலன்னா ஏபில ஒண்ணைக் குறைங்க, சுவிட்ச்ல கை வைக்காதீங்க.

விலேன் 10 பில்லிங், 20 ஸ்டாஃப், 30 விருந்தினர், 40 கேமரா. ஏபி போற போர்ட்ல மேனேஜ்மென்ட் (ஏபியை அமைக்கிற நெட்வொர்க்) மட்டும் டேக் இல்லாம, ஏபி தர்ற வைஃபைக்கான 10, 20, 30 டேக்கோட. கேமரா போர்ட்டுக்கு நேரா 40.

இதோட முடிஞ்சதுன்னு விட்டுடாதீங்க. பல ரவுட்டர்ல விலேன்களுக்கு நடுவுல வழி தானா திறந்தே இருக்கும். 30லிருந்து உள் நெட்வொர்க் முகவரிகளான 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூணையும் தடுங்க. அந்த விதிக்கு மேல டிஎச்சிபி (ஐபி முகவரி கொடுக்கறது), டிஎன்எஸ் (தளத்தோட பேரை ஐபியா மாத்தறது), லாகின் பக்கம் மூணுக்கும் அனுமதி. வரிசை மாறினா லாகின் பக்கமே வராது. விருந்தினர் வைஃபைல சேர்ந்து பில்லிங் மெஷின் ஐபியைப் போட்டுப் பாருங்க, கூடவே ரவுட்டரோட அட்மின் பக்கத்தையும். ரெண்டாவது நிறைய இடத்துல திறந்து கிடக்கு.

ராயபுரம்: ஸ்டாஃபுக்கு போர்ட்டல் லாகின் (வைஃபைல சேர்ந்ததும் பிரவுசர்ல வர்ற லாகின் பக்கம்) வேண்டவே வேண்டாம். பாஸ்வேர்ட் இல்லாத வைஃபைல போர்ட்டல் போட்டா காத்துல போற டேட்டாவுக்குப் பூட்டே கிடையாது, மேக் முகவரியைக் (சாதனத்தோட அடையாள எண்) காப்பி அடிச்சும் உள்ள வந்துடலாம். ஸ்டாஃபுக்கு டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ் (ஆளுக்கொரு லாகின் கேக்கற வைஃபை பாதுகாப்பு), ரேடியஸ் சர்வர் (அந்த லாகினைச் சரிபார்க்கறது), ஆளுக்கு ஒரு யூசர் நேம். ஒருத்தர் வேலையை விட்டா அவர் கணக்கை மட்டும் மூடலாம்.

ஒவ்வொரு ஏபிக்கும் நிலையான ஐபி கொடுங்க. ஐபி மாறிட்டா ரேடியஸ் அதைத் தெரியாத ஆளா நினைச்சு பதிலே சொல்லாது. போன்ல பார்த்தா பாஸ்வேர்ட் பிரச்சினை மாதிரியே தெரியும். ரேடியஸ் சர்வர்ல போர்ட் எண் 1812, 1813 ரெண்டும் திறந்திருக்கணும். ரேடியஸ் சர்வரோட சான்றிதழ் முடியற தேதியைக் குறிச்சு வைங்க, அன்னிக்கு மொத்த ஸ்டாஃபும் வெளியே நிப்பாங்க.

வாங்கறப்போ டைனமிக் விலேன் இருக்கான்னு கேளுங்க. யார் லாகின் பண்றாங்கன்னு பார்த்து ரேடியஸே விலேன் எண்ணைச் சொல்லிடும் (ரேடியஸ்ல போட வேண்டியது: டனல் டைப் 13, மீடியம் டைப் 6, குரூப் ஐடில விலேன் எண்). ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு எஸ்எஸ்ஐடி (வைஃபை பேரு) தேவைப்படாது. எஸ்எஸ்ஐடி கூடக்கூட பீக்கனே (ஏபி தன் பேரை அடிக்கடி அறிவிக்கற சிக்னல்) அலைநேரத்தைத் தின்னுடும்.

காசிமேடு: ஏபியை மொட்டை மாடில வைக்கிறவங்களுக்கு. உப்புக்காத்துல ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிள் முனை) பின் பச்சை பூத்துடும். ஐபி67ன்னு (தூசி, தண்ணி புகாததுன்னு அர்த்தம்) போட்டிருந்தாலும் கேபிள் கிளாண்டை (கேபிள் நுழையற இடத்து மூடி) முறுக்கலன்னா பிரயோஜனமில்ல. கேபிளைக் கீழ வளைச்சு மேல ஏத்துங்க, மழைத்தண்ணி அங்கயே சொட்டிடும். முழுச்செம்பு கேட்6 வாங்குங்க. அலுமினியத்துல செம்பு பூசினதுல தூரம் போகப்போக வோல்டேஜ் இறங்கி ஏபி தானா ரீஸ்டார்ட் ஆகும்.

பெரம்பூர்: ராயபுரம் அண்ணன் சொன்னது சரி. விருந்தினர் பக்கம் இன்னும் ரெண்டு விஷயம். கிளையண்ட் ஐசொலேஷன் (ஒரு போன் இன்னொண்ணைப் பார்க்காம தடுக்கறது) பல ஏபில அதே ஏபிக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும். மாடி மாறினா ஒரு போன் இன்னொண்ணைப் பார்க்கும், அதைச் சுவிட்ச்லதான் தடுக்கணும்.

அடுத்தது டிஎச்சிபி. /24ல (சின்ன முகவரி வரம்பு) 24 மணி நேர லீஸ் (முகவரி ஒருத்தர்கிட்ட இருக்கிற நேரம்) வெச்சா காலைல வந்து போனவங்களே மறுநாள் காலை வரைக்கும் முகவரியைப் பிடிச்சு வெச்சிருப்பாங்க. கூட்டம் வர்ற இடத்துல /22 (பெரிய வரம்பு), லீஸ் 1 மணி நேரம். போன் இப்பல்லாம் மேக் முகவரியை மாத்திக்கிறதால வவுச்சர்ல (விருந்தினருக்குத் தர்ற லாகின் கோட்) ரெண்டு, மூணு சாதனத்துக்கு இடம் விடுங்க.

கரண்ட் போற ஏரியான்னா ரவுட்டர், சுவிட்ச், கண்ட்ரோலர் (எல்லா ஏபியையும் நிர்வகிக்கிற மென்பொருள்), ரேடியஸ் நாலும் ஒரே யூபிஎஸ்ல இருக்கணும். கண்ட்ரோலர் ஓடற பிசி மட்டும் அணைஞ்சிருந்தா வைஃபை சிக்னல் முழுசா காட்டும், லாகின் பக்கம் வராது.