டெக்னீசியம் ஜெனரேட்டர்: ஒவ்வொரு கறவைக்கும் மாலி டெஸ்ட் வேணுமா?

ஈயக்குடுவை:
ஸ்கேனுக்கான கதிரியக்க டெக்னீசியத்தைத் தர்ற புது ஜெனரேட்டர் வந்ததும், அதுலேர்ந்து முதல் தடவை எடுக்கிற கரைசலை, அதாவது முதல் கறவையை மட்டும், மாலிப்டினம் கலந்திருக்கான்னு சோதிச்சா போதும்னு இருந்த அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், 2018-ல விதியை மாத்திடுச்சு. 2019 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு கறவையையும் சோதிக்கணுமாம். வீண் வேலை. டெக்னீசியத்தைப் பெத்துப்போடுற மாலிப்டினம்-99, அதான் மாலி, உள்ள இருக்குற அலுமினாத் தூளைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, உப்புத்தண்ணி விட்டா டெக்னீசியம்தான் இறங்குது. முதல் நாள் ஒழுகாதது நாலாம் நாளா ஒழுகப் போகுது?

காலை ஷிப்ட்:
ஒழுகியிருக்கே சார். முதல் கறவையில தேறிட்டுப் பின்னாடி ஃபெயிலான ஜெனரேட்டர்களாலதான் விதியே மாறுச்சு. வேலையும் பெருசில்ல. கறந்த குப்பியை ஈயக் கூண்டுல போட்டு, கதிரியக்கத்தை அளக்கிற டோஸ் காலிபிரேட்டர்ல இறக்கணும். டெக்னீசியத்தோட 140 கேஇவி காமா கதிர் ஈயத்துலயே அடங்கிடும், மாலியோட 740 வெளிய வந்து காட்டிக்கொடுத்துடும்.

ஈயக்குடுவை:
வரம்பைப் பாருங்க தம்பி. ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி மாலி. எலும்பு ஸ்கேனுக்கு 20 மில்லிகியூரி போட்டாலும் மாலி 3 மைக்ரோகியூரிதான். இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

காலை ஷிப்ட்:
அந்த 0.15 கறக்கிற நேரத்துக்கு இல்ல, ஊசி போடுற நேரத்துக்கு. டெக்னீசியம் 6 மணி நேரத்துல பாதியாயிடும், மாலிக்கு 66 மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்கு 0.05 காட்டினது மதியம் 1 மணிக்கு 0.09, ராத்திரி 7 மணிக்கு 0.18. குப்பியை யாரும் தொடவே இல்ல, வரம்பு தாண்டிடுச்சு!

இதயப்பெட்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். 2011-ல ருபீடியம்-82 இதய ஸ்கேன் எடுத்த ரெண்டு பேர், மாசக்கணக்கா கழிச்சு அமெரிக்க எல்லையில கதிர்வீச்சு அலாரத்தை அடிக்க வச்சாங்க. ருபீடியத்துக்கு அரை ஆயுள் 76 விநாடி. அலாரம் அடிச்சது ருபீடியம் ஜெனரேட்டர்லேர்ந்து கசிஞ்ச ஸ்ட்ரான்ஷியம். அது கால்சியம் மாதிரி எலும்புல போய் உட்கார்ந்துக்கும். அந்த ஜூலையில அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த ஜெனரேட்டரையே நிறுத்தச் சொல்லுச்சு.

ஈயக்குடுவை:
அது வேற கதை. ஸ்ட்ரான்ஷியம்-82-க்கு அரை ஆயுள் 25 நாள், 85-க்கு 65 நாள். ரெண்டே முக்கால் நாள்ல பாதியாகுற மாலியை அதோட சேர்க்காதீங்க.

காலை ஷிப்ட்:
சரி, சேர்க்கல. திங்கள் மட்டும் சோதிச்சா, செவ்வாய், புதன் லாக் புக் கட்டத்துல என்ன எழுதுவீங்க சார்?

ஈயக்குடுவை:
கோடு போடுவேன்.

இதயப்பெட்:
எல்லையில அலாரம் அடிச்சா அந்தக் கோட்டைத்தான் காட்டணும்.