சூப்பர் க்ளூ பூச்சு வெள்ளை பூக்கிறது – என்ன தப்பு?

ஒத்தக்கடைக்காரன்:
வணக்கம். மாடியில் சின்ன மர லேத் வைத்துப் பேனா கடைகிறேன், பொழுதுபோக்குதான். பூவரசங்கட்டையைக் கடைந்து, 400 நம்பர் வரை உப்புத்தாள் போட்டு, மேலே சூப்பர் க்ளூ எட்டுத் தடவை ஏற்றினேன். சீக்கிரம் இறுகட்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஆக்டிவேட்டர் ஸ்ப்ரே. சித்திரையில் செய்தவை கண்ணாடி மாதிரி இருக்கின்றன. இந்த ஐப்பசியில் செய்த மூன்றிலும் வெள்ளைத் திட்டு. பசை பழசாகிவிட்டதா? ஒன்று மச்சான் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டியது!

வைகைக்கரை:
மழைதான் காரணம். ஈரம் பட்டுத்தான் இந்தப் பசை இறுகும். காற்றில் ஈரம் கூடினால் அதன் ஆவி வெள்ளைப் பொடியாக மேலே படியும். வெயில் அடிக்கிற மதியத்தில் பூசுங்கள்.

செல்லூர் கடைசல்:
தம்பி, எல்லா வெள்ளையும் ஒன்றில்லை. துடைத்தால் போகிற பொடி என்றால் அவர் சொன்ன ஆவி. இல்லையென்றால் திட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் உப்புத்தாள் கீறலும் தூசியும். தண்ணீருக்கும் அசையவில்லையா, கோளாறு பூச்சுக்குள்ளே.

ஒத்தக்கடைக்காரன்:
அசையவில்லை அண்ணே. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசிமுனை அளவுக் குமிழ்கள். இன்னொன்று, அந்தக் கட்டை போன மாதம்தான் வெட்டியது.

செல்லூர் கடைசல்:
அதைச் சொல்லவே இல்லையே! பச்சைக் கட்டையும் ஸ்ப்ரேயும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன. ஸ்ப்ரேயைக் கிட்டப் பிடித்து அடித்தால் பசை சட்டென்று இறுகிச் சூடேறும். குமிழ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மேலே தேய்த்துப் பிரயோஜனமில்லை, மரம் தெரியும் வரை உளியால் எடுத்துவிடுங்கள். கட்டையை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுங்கள், எடை குறைவது நின்ற பிறகு பூசுங்கள். மெல்லிசாகப் பூசி, தானாக இறுக விடுங்கள். ஸ்ப்ரே அவசியம் என்றால் ஒரு முழம் தள்ளி லேசாக.

பூசுவது எதில்? டிஷ்யூ பேப்பர்தான். பருத்தித் துணி வேண்டவே வேண்டாம். பழைய வேட்டிக் கிழிசலில் பசை ஊற்றி, புகை கிளம்பி, விரல் கொப்பளித்த அனுபவம் எனக்கு உண்டு. சுற்றுகிற லேத்தில் துணி சிக்கினால் கையையும் இழுத்துவிடும்.

வைகைக்கரை:
கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த ஆவி கண்ணைக் கரிக்கும்.

ஒத்தக்கடைக்காரன்:
நன்றி அண்ணே. பழைய கதவில் அறுத்த தேக்குத் துண்டு ஒன்று கிடக்கிறது. மச்சானுக்கு அதில் கடைகிறேன், பூவரசு தையில்.