புதுப்பிப்பு: விமான நிலையத்தில் தேன், சிப்ஸ் கடை

மார்த்தாண்டம் தேனும் நேந்திரம் சிப்ஸும் விற்க விமான நிலையத்தில் கடை கிடைக்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நம் குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. திருவனந்தபுரத்தை 2021 முதல் அதானி குழுமம் நடத்துகிறது. தூத்துக்குடி இன்னும் மத்திய அரசின் விமான நிலைய ஆணையத்திடம்தான். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாச்சு. அதனால் அங்கேயே முயற்சி செய்கிறேன்.

ஆணையம் இணையவழி டெண்டரில்தான் இடம் கொடுக்கும். வாடகைக் கணக்குதான் என்னை யோசிக்க வைத்தது. பொதுவாக மாதம் ஒரு குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, அல்லது விற்பனையில் ஒரு பங்கு, இதில் எது கூடுதலோ அதைக் கட்டணும். கூட்டமே வராத மாதத்திலும் உத்தரவாதத் தொகை உண்டு. வைப்புத்தொகை தனி. கடையில் நிற்கும் பையன்களுக்கு காவல்துறை சரிபார்ப்பு முடிந்து நுழைவு அனுமதி வரணும்.

பெரிய கடை எனக்குத் தாங்காது. சின்ன கவுன்டருக்கு டெண்டர் வந்தால் மச்சானும் நானும் சேர்ந்து போடுவோம்.