திவசச் சமையலும் மிளகாயும்: உங்கள் வீட்டில் எப்படி?

காவிரிக்கரை:

போன வாரம் அப்பாவின் திவசம். சமைக்க வந்த மாமிக்கு எழுபது வயதாவது இருக்கும். முதல் நாள் சாயங்காலம் நான் வாங்கி வைத்திருந்த காய்கறிப் பையைத் தரையில் கவிழ்த்து, தக்காளி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், பச்சை மிளகாய் நான்கையும் காலால் தள்ளாத குறையாக ஓரங்கட்டினார். "இதையெல்லாம் யாரு வாங்கச் சொன்னா? வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, அவரைக்காய், பிரண்டை. போய் வாங்கிண்டு வா." உருளைக்கிழங்கு அப்பாவுக்கு உயிர், அதனால் வாங்கினேன் என்றேன். மாமி பதிலே சொல்லவில்லை.

மறுநாள் ரசத்தில் மிளகு, கறியில் மிளகு, எல்லாவற்றிலும் மிளகு. மிளகாய் நாக்கு நுனியில் அடிக்கும். இது மெதுவாக வந்து தொண்டையில் உட்கார்ந்தது. வருஷா வருஷம் சாப்பிடுகிற சாப்பாடுதான், ஆனாலும் இந்தத் தடவை அந்த ஓரங்கட்டின குவியலே கண்ணில் நின்றது. நான்கும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. 1492இல் கொலம்பஸ் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை இங்கே யாரும் அவற்றைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்தது. உருளையும் தக்காளியும் நம் அடுப்படியில் சகஜமானது அதற்கும் ரொம்பப் பிந்தி.

நம் வீட்டில் ஒரே ஒரு நாள் மட்டும் 500 வருஷத்துக்கு முந்தைய சமையல் நடக்கிறது, அதுவும் யாரும் திட்டமிடாமல். மாமியிடம் காரணம் கேட்டேன். "எங்க மாமியார் போட மாட்டா. நானும் போடறதில்லை." அவ்வளவுதான். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்களேன்.

கேள்விக்குறி:

கொஞ்சம் பொறுங்கள். முருங்கைக்காய் நம் ஊர்க்காய்தானே? திவசத்தில் அதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் கிடையாது. அதனால் "புதிதாக வந்ததை விலக்கினார்கள்" என்பது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. உங்கள் கண்டுபிடிப்பு பாதி சரி.

காவிரிக்கரை:

சரி, பாதியை ஒத்துக்கொள்கிறேன். மிளகாயை விட மாட்டேன்.

ஆத்தூர்க்காரி, இப்போது புனேயில்:

இங்கே நேர்மாறு. வேலைக்கு வந்த முதல் வருஷம், ஆஷாட ஏகாதசி அன்று, பக்கத்து வீட்டு மராத்தி அக்கா விரதம். சோறு இல்லை, கோதுமை இல்லை, பருப்பு இல்லை. பாவம், பட்டினி என்று நினைத்தேன். ஒரு தட்டு நிறைய எதையோ கொண்டுவந்து எனக்கும் கொடுத்தார்கள். ஜவ்வரிசி கிச்சடி! ஊறவைத்த ஜவ்வரிசி, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், நெய், சீரகம்.

எங்கள் ஊரைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள்தான். குச்சிக்கிழங்கைத் தோல் சீவி அரைத்து, மாவுப் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, குலுக்கிக் குலுக்கி உருட்டி எடுப்பார்கள். அந்தப் புளித்த வாசனையில் வளர்ந்தவள் நான். மரவள்ளி என்று வெளியூரில் சொல்லும் அதே குச்சிக்கிழங்கு தென்னமெரிக்காவில் பிறந்தது. நிஜமான ஜவ்வரிசி மலாய்த் தீவுகளில் ஒரு பனைவகை மரத்தின் சோற்றிலிருந்து எடுப்பது. நம்முடையது அதன் வேஷம்.

இப்போது அந்தத் தட்டைப் பாருங்கள். ஜவ்வரிசி, வேர்க்கடலை, உருளை, மிளகாய் நான்கும் அமெரிக்காக்காரர்கள். நெய்யும் சீரகமும்தான் பழைய ஆட்கள். உங்கள் மாமி எதை ஓரங்கட்டினாரோ, அதை வைத்தே இங்கே பெருமாளுக்கு விரதம் இருக்கிறார்கள். முனிவர்கள் காலத்து உணவு என்று அந்த அக்கா சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் மளிகைக் கடையில் ஜவ்வரிசி மூட்டையைத் திருப்பிப் பார்த்தால் "சேலம்" என்று அச்சடித்திருந்தது. அதற்கு மட்டும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

கரிசல்:

மிளகாய்ப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கமுதிப் பக்கம் எங்களுக்கு முண்டு வத்தல்தான் பயிர். உருண்டையாக, தோல் தடித்து இருக்கும். 2023இல் ராமநாதபுரம் முண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அன்றைக்கு என் மருமகன் கேட்டான்: "மாமா, இது நம்ம ஊரு காய் இல்லைன்னு டீச்சர் சொன்னாங்களே, அப்புறம் எப்படி நம்ம பேர்ல குடுத்தாங்க?"

நல்ல கேள்வி. நான் பெயரைப் பிரித்துக் காட்டினேன். மிளகு, காய், மிளகாய். புதிதாக ஒரு காய் வந்தது, கடித்தால் எரிந்தது. ஏற்கெனவே தெரிந்த எரிகிற சாமான் மிளகு, அதனால் மிளகுக்காய் ஆக்கிவிட்டார்கள். கொலம்பஸும் இதே வேலையைத்தான் செய்தார். மிளகைத் தேடிப் போனவர், கிடைத்த மிளகாய்க்கு மிளகின் பெயரையே சூட்டினார். ஆங்கிலத்தில் இன்றும் இரண்டுக்கும் "பெப்பர்" என்று ஒரே பெயர். சம்பந்தமே இல்லாத இரண்டு செடிகள்: மிளகு கொடி, மிளகாய் கத்தரி வம்சம்.

அதைவிட வேடிக்கை, சங்கத் தமிழில் "கறி" என்றாலே மிளகு. யவனர்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து கறியோடு போனார்கள் என்று அகநானூறு சொல்கிறது. ஏதோ ஆட்டுக்கறி ஏற்றுமதி என்று பள்ளிக்கூடத்தில் நான் நினைத்திருந்தேன்.

களத்தில் வத்தல் பிரிக்கிற அன்று ராத்திரி கை எரிச்சலில் தூக்கம் வராது. தண்ணீரில் எத்தனை தடவை கழுவினாலும் போகாது, இன்னும் பரவும். நல்லெண்ணெயோ தயிரோ தேய்க்க வேண்டும். எங்கள் அப்பத்தா வெறுங்கையாலேயே பிரிப்பாள். அவளுக்கு எரிந்து நான் பார்த்ததில்லை.

சின்னான்:

எண்ணெயில் போவதற்குக் காரணம் இருக்கிறது. எரிச்சலைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். மோர் மிளகாய் கடித்துவிட்டுத் தண்ணீர் குடிப்பவர்கள் தவிப்பதும் இதனால்தான்.

என் அனுபவம் மொட்டை மாடியில். தொட்டியில் ஊசி மிளகாய் வைத்திருந்தேன். பழுத்துச் சிவந்ததும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. அணிலைச் சந்தேகப்பட்டேன், ஏனென்றால் என் வீட்டில் எந்தத் திருட்டுக்கும் முதல் குற்றவாளி அதுதான். ஒரு நாள் காலையில் காபியோடு காவல் இருந்தேன். வந்தது கொண்டை வைத்த சின்னான். அதுதான், கொண்டைக்குருவி என்பார்களே. ஒரு பழத்தைக் கொத்தி, முழுசாக விழுங்கி, அடுத்ததற்குப் போயிற்று. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை!

தேடிப் படித்தேன். காரம் என்பது சுவையே இல்லை. சூடு பட்டால் மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு வாசல் ஒன்றை மிளகாய் போய்த் தட்டுகிறது. உடம்பு தீப்பட்டதாக ஏமாறுகிறது. அந்த வாசலை 1997இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு. நாம் "எரியுது" என்று சொல்வது உவமையே இல்லை. பறவைகளுக்கும் அந்த வாசல் உண்டு, ஆனால் மிளகாய்ச் சாவி அதில் பொருந்தாது. எலி, அணில் வகையறாக்கள் விதையைக் கடித்து நொறுக்கிவிடும். பறவை விழுங்கி வேறெங்கோ எச்சமிடும், விதை முளைக்கும். அரிசோனாவில் காட்டு மிளகாயை வைத்து ஆராய்ந்து 2001இல் இதை எழுதினார்கள். பல்லுள்ளவர்களைத் துரத்தத்தான் செடி காரத்தை வைத்திருக்கிறது. நாம் அதையே தேடிப் போய் வாங்குகிறோம்.

அணிலிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கொய்யாவைத் தின்பது அதுதான்.

விழுப்புரம் சீமை:

எங்களுக்கு வேர்க்கடலை இல்லை, மல்லாட்டை. சென்னையில் கல்லூரி விடுதியில் "மல்லாட்டை இருக்கா" என்று கேட்டு ஒரு வருஷம் கேலிப்பட்டேன். அது மணிலாக் கொட்டை என்று தமிழ் வாத்தியார்தான் காப்பாற்றினார். மணிலா பிலிப்பைன்ஸின் தலைநகர். அதற்கப்புறம் என்னைக் கேலி செய்தவர்களிடம் "உங்கள் கடலைக்கு ஊர் தெரியுமா? எங்களுடையதற்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாஞ்சில்:

நாகர்கோவிலில் அதே குச்சிக்கிழங்கு மரச்சீனி. ஆச்சி கிழங்கைத் துண்டு போட்டு, திறந்த பானையில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் உப்பும் மஞ்சளும் சேர்ப்பாள். ஒருமுறை, சத்து வீணாகிறதே என்று நான் மூடி போட்டு அந்தத் தண்ணீரோடே வற்றவிட்டேன். ஆச்சி பார்த்த பார்வை! "கொல்லப் பாக்கியால?"

அவளுக்கு வேதியியல் தெரியாது, ஆனால் சொன்னது உண்மை. கிழங்கை வெட்டினாலே சயனைடு வெளிப்படும். வேகும்போது கொஞ்சம் ஆவியாகப் போகும், கொஞ்சம் தண்ணீரோடு போகும். கசக்கிற ரகத்தில் இது ரொம்ப அதிகம்.

திருவிதாங்கூரில் இதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. புண்ணியம் செய்தார். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது எங்கள் பக்கத்தைத் தாங்கி நிறுத்தியது கிழங்கும் மீனும்தான். ஆச்சி அதைப் பஞ்சம் என்று சொல்லமாட்டாள். "கெழங்கு தின்ன காலம்" என்பாள்.

வடமராட்சி:

எங்கட அம்மம்மாவும் மரவள்ளி அவித்த தண்ணியை ஊற்றிவிடுவா. அதோடு இன்னொரு சட்டம்: மரவள்ளி சாப்பிட்ட அன்றைக்கு இஞ்சி போட்ட தேத்தண்ணி கிடையாது. இரண்டும் சேர்ந்தால் நஞ்சு என்று இலங்கை முழுக்க நம்பிக்கை. இன்றைக்கும் நான் துணிந்து பார்த்ததில்லை.

மிளகாய்க்கு வருவம். காய்ந்த மிளகாயை நாங்கள் செத்தல் மிளகாய் என்போம். சென்னையில் மளிகைக் கடையில் "அரைக் கிலோ செத்தல்" என்று கேட்டேன். கடைக்காரர் திகைத்துப்போய், "என்ன செத்துச்சு?" என்றார். இலங்கையின் கிழக்கில் மிளகாய்க்குக் கொச்சிக்காய் என்றே பெயர். கொச்சியிலிருந்து வந்த காய்! பிறந்த இடத்தை விட்டுவிட்டு, கப்பல் கடைசியாக நின்ற துறைமுகத்தின் பெயரை வைத்திருக்கினம்.

தகடூர்:

எங்கள் ஆயா பொங்கல் குழம்பில் கறார். "நாட்டுக்காய்தான் போடணும், இங்கிலீஷ் காய் ஆகாது." கேரட்டைக் கண்டால் முறைப்பாள். ஆனால் பறங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இல்லாமல் அந்தக் குழம்பே கிடையாது. இரண்டும் அமெரிக்கா. ஒன்று பெயரிலேயே பறங்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! ஆயாவிடம் சொன்னேன். "போடா, எங்க கொல்லையில காய்க்குது" என்றாள்.

அந்த வேகத்தில் பொங்கல் கரும்பையும் விசாரித்தேன். அதன் பூர்வீகம் நியூகினியாப் பக்கம். இங்கே வந்து பல ஆயிரம் வருஷமாகிவிட்டது. ஆனால் எங்கள் தகடூர் அதியமானை ஔவையார் புகழ்கிற இடத்தில், அவன் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்து தந்தார்கள் என்கிறார், புறநானூறு 99ஆம் பாட்டில். கரும்பு எங்கோ வெளியிலிருந்து வந்தது என்ற ஞாபகம் அன்றைக்கே இருந்திருக்கிறது. ஆயாவிடம் இதைச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் பெருமைப்பட்டாள்.

காவிரிக்கரை:

எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சின்னான் கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். புனே விரதத்தை நம்பவே இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். திவசத்துக்கு மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், மாமி ஓரங்கட்டிய உருளைக்கிழங்கை அம்மா வறுத்துக்கொண்டிருந்தாள், நிறைய மிளகாய்ப்பொடி போட்டு, அப்பாவுக்குப் பிடித்த மாதிரி ஓரம் கருக. காக்காய்க்கு வைக்கிற சோற்று உருண்டையின் மேல் இரண்டு துண்டு இருந்தது. காக்காய் முதலில் உருளைக்கிழங்கைத்தான் எடுத்தது.