2.4.1 விடுறதோ, 2.5 வரைக்கும் பொறுக்கிறதோ?

குளக்கட்டு:
நெல்லுக் கொள்முதல் அப். கிளிநொச்சி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் தராசடியில பற்றுச்சீட்டுப் போடுறது. அன்ட்ராய்ட். சிக்னல் இல்லாட்டி ஃபோனில வைச்சிருந்து பிறகு சேர்வருக்கு அனுப்பும். 2.4.0 இல ஒரு பக்: சேர்வர் பதில் வர முதல் சிக்னல் அறுந்தால், திரும்ப அனுப்பி ஒரே சீட்டு ரெண்டு தரம் பதியுது. மெயினில (அடுத்த வேர்ஷனுக்கு வேலை நடக்கிற கோட் கிளை) திருத்தியாச்சு. 2.5.0 வர மூண்டு கிழமை இருக்கு, அதில ஃபோன் டேட்டாபேஸின்ர அட்டவணைகளும் மாறுது. 2.4.1 தனியா விடவோ, 2.5ஐ முந்தி விடவோ? அரிவிவெட்டு தொடங்கீட்டுது.

பாலைமரம்:
2.5ஐ முந்தி விடாதேங்கோ. அட்டவணை மாறினாப் பிறகு திரும்பி வர வழியில்லை. ஃபோனில இருக்கிறதிலும் குறைஞ்ச வேர்ஷன்கோடு (வெளியீட்டுக்கு வெளியீடு ஏறுற உள் நம்பர்) எண்டால் பிளே ஸ்டோர் அதை அந்த ஃபோனுக்குக் குடுக்காது. பழைய அப்பையே கூடின நம்பரில விட்டாலும் புது அட்டவணையைப் பார்த்துத் திறக்க முதலே விழும். அனுப்பாத சீட்டெல்லாம் அந்த ஃபோனுக்குள்ளதான் கிடக்கும். எழுத்துப்பிழை, நிறம் எண்டால் பொறுக்கலாம். இது காசு.

2.4.1க்குக் கிளையை 2.4.0 டாக்கில (அந்த வெளியீட்டின்ர கோட்டில குத்தின அடையாளம்) இருந்து எடுங்கோ, மெயினில இருந்து இல்லை. பக்கைத் திருத்தின கொமிட்டை (பதிஞ்ச கோட் மாற்றம்) மட்டும் செரி-பிக் பண்ணுங்கோ, அதாவது அந்தக் கிளைக்குப் பிரதி எடுங்கோ. மோதல் வந்தால், அதே வரிகளை 2.5க்கெண்டு வேற கொமிட் ஏதோ மாத்தியிருக்கு. அதையும் இழுத்துக்கொண்டு வராதேங்கோ, ஒண்டு நாலாகும். திருத்தத்தை 2.4க்கெண்டே திரும்ப எழுதுறது சுகம்.

வேர்ஷன்கோடையும் பாருங்கோ. இப்ப வெளியில 57, 2.5 பீட்டா (சோதிக்கிறவைக்கு முதல் விடுறது) 58 எண்டால் 2.4.1க்கு 59 போடவேணும். பீட்டாக்காரருக்கு அந்த 59 போய் 2.5க்கு மேல இருந்திடும், அப் விழும். அதால பீட்டாவை அதுக்கு முதலே 60 எண்டு ஏத்திவிடுங்கோ. இனிமேல் 20401, 20500 எண்டு இடைவெளி விட்டால் இந்தக் கரைச்சல் வராது.

சூடுமிதி:
அப்பைத் தொடவே வேணுமோ? சீட்டு இலக்கம் ஃபோனில உருவாகுதெண்டால் சேர்வரிலயே மறிக்கலாம், இண்டைக்கே. ஃபோன் குறியீடு, சீட்டு இலக்கம் ரெண்டையும் சேர்த்து ஒரு யூனிக் இன்டெக்ஸ்: அதே சோடி ரெண்டாம் தரம் வந்தால் டேட்டாபேஸே ஏற்காது. இரட்டிச்ச வரிகளை ஒதுக்காமல் அது ஏறாது. சேர்வர் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் எண்டால் கொன்கரன்ட்லி (பதிவை மறிக்காமல் கட்டுற முறை) போட்டுக் கட்டுங்கோ, தராசடியில பதிவு நிக்காது. இடையில தோத்தால் செல்லாத இன்டெக்ஸ் ஒண்டு மிஞ்சும், அதை ட்ரொப் பண்ணிப்போட்டு (அழிச்சு) திரும்பக் கட்டுங்கோ.

ரெண்டாம் தரம் வாற சீட்டுக்கு 409 (மோதல் எண்ட பிழைக் குறி) குடுக்காதேங்கோ. பழைய அப் அதைத் தோல்வியெண்டு எடுத்து, பற்றரி முடியுமட்டும் அனுப்பும். 200 (சரி எண்ட குறி) குடுத்து, முதல் பதிஞ்ச சீட்டையே திருப்பி அனுப்புங்கோ. ஒண்டு மட்டும் கவனம்: அதே இலக்கம், வேற நிறை எண்டால் அது இரட்டை இல்லை. அப்பை அழிச்சுப் போட்டதில தொடரிலக்கம் 1 இல தொடங்கியிருக்கும். அதைத் தனியா ஒதுக்கி வைச்சு ஆள் பார்க்கவேணும்.

குளக்கட்டு:
இலக்கம் ஃபோனிலதான் உருவாகுது. ஏற்கெனவே காசு போன இரட்டைச் சீட்டுகளை அழிக்கலாமோ?

பாலைமரம்:
அழிக்காதேங்கோ, கணக்குப் பார்க்க வாறவருக்குப் பதில் சொல்ல ஏலாது. 'செல்லாது' எண்டு குறிச்சு, கழிவுப் பதிவு ஒண்டு போடுங்கோ. இன்டெக்ஸைச் செல்லுபடியான வரிகளுக்கு மட்டும் எண்டு நிபந்தனையோட கட்டினால் பழையதுகள் குறுக்க நிக்காது. சூடுமிதி சொன்னது முதல், 2.4.1 பிறகு ஆறுதலா.