மெட்டானமியா, சினெக்டகியா? அவசரம்

கடைசிபெஞ்சு: நாளைக்குத் தேர்வு. ஆங்கில அணிகளில் ஒரு கேள்வி. நான் சினெக்டகி (பகுதியைச் சொல்லி முழுமையைக் குறிப்பது, அல்லது முழுமையைச் சொல்லிப் பகுதியைக் குறிப்பது) என்று எழுதினேன், விடைக்குறிப்பில் மெட்டானமி (ஒன்றை அதோடு தொடர்புடைய இன்னொன்றின் பெயரால் குறிப்பது) என்று இருக்கிறது. எது சரி? சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைத்துளி: எந்த வாக்கியம்?

அரைக்காப்படி: பள்ளியா, கல்லூரியா என்பதும் வேண்டும். பள்ளி இலக்கண நூல்கள் இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கும். சினெக்டகியை மெட்டானமியின் ஒரு வகையாகவே வைப்பவர்களும் உண்டு.

இலக்கணப்புலி: முதலில் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 'கிரவுன்', அதாவது முடி, அரசாட்சியைக் குறித்தால் மெட்டானமி, தொடர்புடைய பொருள். 'ஹேண்ட்ஸ்', அதாவது கைகள், மாலுமிகளைக் குறித்தால் சினெக்டகி. உறுப்பு ஆளுக்கு வருகிறது. இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

பனங்காய்: நம் ஆகுபெயரை நினைத்துக்கொண்டால் போதும். 'தலைக்கு ஒன்று கொடு' சினையாகுபெயர், சினை என்றால் உறுப்பு, அதுதான் சினெக்டகி. 'ஊர் சிரித்தது' இடவாகுபெயர், மெட்டானமி. சினை, சினெக்... பெயரே இங்கிருந்து போனதுதான் என்பேன்.

இலக்கணப்புலி: போச்சு. அது கிரேக்கச் சொல் ஐயா.

மழைத்துளி: சினையாகுபெயர் பாதிக்குத்தான் பொருந்தும். 'மல்லிகை சூடினாள்' என்றால் கொடியின் பெயர் பூவுக்கு வருகிறது. நமக்கு அது பொருளாகுபெயர். ஆங்கிலத்தில் முழுமை பகுதிக்கு வந்தாலும் சினெக்டகிதான்.

பனங்காய்: மெட்டானமிக்குக் கிரேக்கத்தில் பெயர் மாற்றம் என்று பொருள். ஆகுபெயர் என்பதும் அதுதானே?

அரைக்காப்படி: அந்தச் சண்டை அப்புறம். கேட்டவர் எங்கே?

கடைசிபெஞ்சு: மன்னிக்கவும், படித்துக்கொண்டிருந்தேன். 11-ஆம் வகுப்பு. 'கிரே ஹேர்ஸ் ஷுட் பி ரெஸ்பெக்டட்', நரைமுடியை மதிக்க வேண்டும் என்பது வாக்கியம். முடி உடம்பின் பகுதிதானே? மேலே ஒருவர் முடி மெட்டானமி என்கிறாரே?

இலக்கணப்புலி: நான் சொன்னது கிரீடத்தை!

மழைத்துளி: பகுதிதான். ஆனால் வெறும் முடி என்று சொல்லாமல் நரைமுடி என்று ஏன் சொல்ல வேண்டும்? நரை முதுமைக்கு அடையாளம். அடையாளத்தைச் சொல்லி, அது காட்டும் பொருளைக் குறித்தால் மெட்டானமி. 'ஹேண்ட்ஸ்' என்பதில் கை எதற்கும் அடையாளமாக நிற்கவில்லை, வேலை செய்யும் ஆளின் ஒரு பகுதி, அவ்வளவே.

அரைக்காப்படி: உங்கள் விடைக்காகவும் வாதாடலாம். விடைத்தாளில் வேண்டாம்.

கடைசிபெஞ்சு: சரி, மாற்றிக்கொண்டேன். நன்றி.

பனங்காய்: சினை விஷயத்துக்கு இன்னும் யாரும் ஒழுங்காக மறுப்பு சொல்லவில்லை.