ஒரே கறிவேப்பிலை, இரண்டு குழாய், பாதி ரிசல்ட்

லேபில் சாம்பிளை அளக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு குழாயிலும் ஒரே அளவு விடுகிற தெரிந்த பொருளுக்கு இன்டர்னல் ஸ்டாண்டர்டு (ஐஎஸ்) என்று பேர். அது காப்பாற்றிய கதையைத்தான் லேப்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள், அது என்னைக் கவிழ்த்த கதையை நான் சொல்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு லேபில் இருந்தபோது, பூதப்பாண்டி பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி கறிவேப்பிலைக் கட்டோடு வந்தார். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற லோடு, பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று வாங்குகிறவர் ரிப்போர்ட் கேட்டிருக்கிறார். “மக்களே, மருந்து கிடக்கா கிடக்கலியா, அத மட்டும் சொல்லு” என்றார்.

இலையிலிருந்து பூச்சிமருந்தைப் பிரித்தெடுக்க, 2003-ல் வந்த குவெச்சர்ஸ் முறைதான். 10 கிராம் அரைத்த இலை, 10 மில்லி அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான், 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் உப்பு. சல்பேட் தண்ணீரைக் குடிக்கும்போது குழாய் கையில் சுடும், மேலே நிற்கிற சாறு பாசிக்குளம் மாதிரிப் பச்சை. அந்தப் பச்சையை எடுக்கிறேன் என்று கார்பன் பொடியை அள்ளிப் போட்டால் சில மருந்தும் அதோடு போய்விடும், அது தனிக் கதை.

ஒரே இலையை இரண்டு குழாயில் எடுத்தேன். ஒன்றில் புரோஃபெனோஃபாஸ் என்ற பூச்சிமருந்து கிலோவுக்கு 0.8 மில்லிகிராம், இன்னொன்றில் 0.4. முதலில் மிஷினைத் திட்டினேன், அப்புறம் இலையைச் சரியாக அரைக்கவில்லையோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். கடைசியில்தான் பீக் ஏரியாவை, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் மிஷின் வரைகிற முகட்டின் பரப்பை, திறந்து பார்க்கத் தோன்றியது. மருந்தின் பீக் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே, ஐஎஸ்ஸாகப் போட்ட டிரைஃபினைல் பாஸ்பேட்தான் இரண்டாவதில் இரட்டிப்பு. மருந்து பீக்கை ஐஎஸ் பீக்கால் வகுத்துத்தானே கணக்கு, கீழே இருப்பது இரண்டு மடங்கானால் விடை பாதி. நான் டீக்குப் போன நேரத்தில், ஐஎஸ் ஏற்கெனவே விட்டாயிற்று என்று தெரியாமல் கூட இருந்த தம்பி இன்னொரு 100 மைக்ரோலிட்டர் விட்டிருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, குழாயில் மார்க்கரால் ஒரு புள்ளிகூட வைக்காமல் எழுந்து போனது நான்.

இதே ஐஎஸ், மிஷினில் வைக்கிற சின்னக் குப்பியின் மூடி லூசாக இருந்து பாதி சாறு ஆவியானபோது ரிசல்ட்டை அசையவிடாமல் பிடித்திருக்கிறது. இரண்டு பீக்கும் சேர்ந்தே ஏறும், விகிதம் மாறாது. ஆனால் எவ்வளவு விட்டோம் என்று நாம் பொய் சொன்னால் அதுவும் பொய்தான் சொல்லும்.

சரி, புதிதாக எடுத்தேன், இரண்டிலும் 0.8 பக்கம். நடந்ததை அண்ணாச்சியிடம் மறைக்காமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்த ரெண்டாவது குழாய வச்சே ரிப்போர்ட் போடப்பிடாதா மக்களே?”